வலைப் படிவத்தில் வினாவும் செப்பும்: உள்ளீட்டு வகைகளும் தமிழ்ப் பெயர், ஊர், எண் தரவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

வலைப் படிவம் வினாக்களின் தொகுப்பு. அதன் ஒவ்வொரு புலத்துக்கும் தரப்படும் உள்ளீட்டு வகை, அவ்வினாவுக்கு எது விடையாகும், எது விடையாகாது என்பதை முன்கூட்டியே வரையறுக்கிறது. பிழையான வகை தெரிவு செய்யப்பட்டால், சரியான தமிழ் விடையும் பிழையென்று தள்ளப்படும். அல்லது சிதைந்து சேமிக்கப்படும். எச்.டி.எம்.எல். வரையறையிலுள்ள உள்ளீட்டு வகைகளைத் தமிழ் இலக்கண மரபின் வினா–விடைக் கோட்பாட்டோடு ஒப்பிட்டு, பெயர், முன்னெழுத்து, ஊர்ப்பெயர், எண், நாள் ஆகிய தரவுகளில் நேரும் சிதைவுகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் பென்னலூரும் அதனைச் சூழ்ந்த தொழிற்பகுதியும் எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்

வலைப் படிவம், உள்ளீட்டு வகை, ஒருங்குறி, செவ்வன் இறை, முன்னெழுத்து, ஊர்ப்பெயர், களத்தரவு.

1. முன்னுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் பென்னலூர். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் சூழ்ந்த பகுதி இது. மகிழுந்து, மின்னணுக் கருவி, உதிரிபாகம் முதலியவற்றைச் செய்யும் ஆலைகளுக்குத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். இங்கு வேலையில் சேரும் ஒருவர் வேலை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண், வருங்கால வைப்பு நிதி, ஈட்டுறுதி எனப் பல படிவங்களில் தம் பெயரையும் பிறந்த நாளையும் ஊரையும் தர வேண்டியிருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை இன்று வலைப் படிவங்களே.

ஒரு படிவத்தில் பெயர் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் பதிந்தால், பிற்காலத்தில் இரண்டையும் ஒப்பிடும் கணினி இருவரும் ஒருவரே என ஏற்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலுள்ள பெயரும் பிறந்த நாளும் ஆதாருடன் பொருந்தாதபோது, சில நேர்வுகளில் தொழிலாளரும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி அளித்துத் திருத்தம் கோர வேண்டியுள்ளது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தொகை ஒரு புள்ளியால், ஓர் இடைவெளியால், ஒரு முன்னெழுத்தால் தடைப்படக்கூடும்.

இச்சிக்கலைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் கருதுவது வழக்கம். ஆனால் பெயரின் உறுப்புகள் எவை, எழுத்து என்பது எது, எண்ணும் எண்ணுருவும் ஒன்றா என்பன மொழியியல் வினாக்கள். களஆய்வுக்கு வலைப் படிவங்களைத் தாமே உருவாக்கத் தொடங்கியுள்ள தமிழாய்வாளர்க்கு இவ்வினாக்கள் நேரடித் தொடர்புடையவை.

2. உள்ளீட்டு வகைகளின் வளர்ச்சி

எச்.டி.எம்.எல். மொழியில் படிவப் புலத்தைக் குறிக்கும் முதன்மை உறுப்பு ‘இன்புட்’. அதன் ‘டைப்’ என்னும் பண்பே புலத்தின் வகையைக் கூறுகிறது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறையில் எட்டு வகைகள் இருந்தன: உரை, கடவுச்சொல், தேர்வுப்பெட்டி, ரேடியோ பொத்தான், மறைபுலம், படப்பொத்தான், அனுப்பு பொத்தான், மீளமை பொத்தான். கோப்பு வகை அதே மாதத்தில் தனி ஆவணமாக முன்மொழியப்பட்டது. 2014 அக்டோபர் 28 அன்று உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையான எச்.டி.எம்.எல்.5, மின்னஞ்சல், வலைமுகவரி, தொலைபேசி, தேடல், எண், வீச்சு, நாள், நேரம், நிறம் முதலிய வகைகளைச் சேர்த்தது. இன்றைய வரையறையில் 22 வகைகள் உள்ளன. பலவற்றிலிருந்து தெரிவு செய்யும் கீழிறங்கு பட்டியலும் பலவரி உரைப்பெட்டியும் இவற்றின் புறத்தே தனி உறுப்புகளாக நிற்கின்றன.

ஒரு வகை மூன்று பணிகளைச் செய்கிறது. முதலாவது, திரையில் தோன்றும் கருவியைத் தீர்மானிப்பது. தொலைபேசி வகை எண் விசைகளையும், நாள் வகை நாட்காட்டியையும் காட்டுகின்றன. இரண்டாவது, விடையைச் சரிபார்த்தல். மூன்றாவது, விடையை ஒரு பொதுவடிவத்துக்குக் கொண்டுவந்து வழங்கிக்கு அனுப்புதல். திரையில் தோன்றுவதும் அனுப்பப்படுவதும் வேறாக இருக்கலாம் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. எடுத்துக்காட்டாக, நாள் வகைப் புலம் பயனரின் கருவி அமைப்புக்கு ஏற்ப நாளை முன்னும் மாதத்தைப் பின்னுமாகவோ, மாற்றியோ காட்டலாம். அனுப்பப்படும் மதிப்பு எப்போதும் ஆண்டு–மாதம்–நாள் என்னும் வரிசையிலேயே அமையும்.

உலாவி அறியாத வகை ஒன்று எழுதப்பட்டால், அது உரை வகையாகவே கொள்ளப்படும். எனவே உரை வகையே அடிப்படை. பிற வகைகள் அதன்மேல் இடப்பட்ட கட்டுப்பாடுகள் எனலாம்.

3. செவ்வன் இறையும் இறை பயப்பதும்

விடையைச் ‘செப்பு’ என வழங்கும் தொல்காப்பியம், செப்பும் வினாவும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் எனக் கிளவியாக்கத்தில் விதிக்கிறது. உரையாசிரியர் சேனாவரையர் செப்பினைச் செவ்வன் இறை, இறை பயப்பது என இருவகைப்படுத்துவார். வினாவுக்கு நேரே பொருந்துவது செவ்வன் இறை. நேரே பொருந்தாவிடினும் கேட்போர் விடையை உய்த்துணரச் செய்வது இறை பயப்பது. நன்னூலார் விடையை எட்டாகப் பகுத்து, சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றோடு உற்றதுரைத்தல், உறுவதுகூறல் முதலிய ஐந்தினையும் விடையாகத் தழுவிக்கொள்கிறார்.

தாள் படிவக் காலத்தில் இவ்விருவகைச் செப்புக்கும் இடமிருந்தது. பிறந்த நாள் எது என்ற வினாவுக்கு, ‘பெருவெள்ளம் வந்த ஆண்டின் ஆடி மாதம்’ என ஒருவர் விடை கூறினால், எதிரே அமர்ந்திருந்த எழுத்தர் அதனை ஒரு நாளாக மாற்றி எழுதிக்கொண்டார். வலைப் படிவம் செவ்வன் இறையை மட்டுமே ஏற்கும். நாள் வகைப் புலம் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் நிரம்பாத விடையை விடையாகக் கொள்ளாது. பிறந்த ஆண்டு மட்டுமே அச்சிடப்பட்ட ஆதார் அட்டைகள் வழக்கில் உள்ளன. அவ்வட்டையை உடையவர் நாள் வகைப் புலத்தை நிரப்ப வேண்டுமாயின், தாம் அறியாத ஒரு மாதத்தையும் நாளையும் புனைந்து தரவேண்டும். அப்புனைவே பிறகு சான்றாகிவிடுகிறது.

இறை பயக்கும் விடையைச் செவ்வன் இறையாக மாற்றும் பணி இன்று இ-சேவை மையத்தில் படிவத்தை நிரப்பித் தருபவரிடம் சென்று சேர்ந்துள்ளது. எழுத்தர்க்குத் தாளின் ஓரத்தில் குறிப்பெழுத இடமிருந்தது. இவர்க்கு அதுவும் இல்லை. ஆகவே எவ்விடைகள் ஏற்கத்தக்கவை என்பதைப் படிவம் உருவாக்கப்படும்போதே சிந்திக்க வேண்டியுள்ளது.

4. பெயர்ப் புலம்

தமிழரிடையே பெருவழக்காக உள்ள பெயர்முறையில் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இயற்பெயரின் முன் நிற்கிறது. தாய் பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பாரும் உளர். ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என இரு கட்டாயப் புலங்கள் தரப்படும்போது, குமார் என்பவரின் மகன் செல்வம் எதனை எங்கு எழுதுவார்? ‘செல்வம்’ முதற்பெயராகவும் ‘குமார்’ கடைசிப்பெயராகவும் அமையலாம், ‘கு’ கடைசிப்பெயராகலாம், ‘செல்வம்’ என்பதே இரு புலங்களிலும் இடப்படலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே ஏற்கத்தக்க விடையே. ஆனால் அவை ஒன்றோடொன்று பொருந்தா.

இதன் விளைவு நிலையானது என்பதற்கு நிரந்தரக் கணக்கு எண் தக்க சான்று. அதற்கான 49ஏ படிவத்தின் அறிவுறுத்தல், முதற்பெயரிலும் கடைசிப்பெயரிலும் சுருக்கெழுத்து இடலாகாது என்றும், ஒற்றைப் பெயர் உடையோர் அதனைக் கடைசிப்பெயர்ப் புலத்தில் எழுத வேண்டும் என்றும் கூறியது. பத்து இடங்கள் கொண்ட அவ்வெண்ணில் தனிநபர்க்கு ஐந்தாம் இடத்தில் வருவது கடைசிப்பெயரின் முதலெழுத்து. தந்தை பெயரைக் கடைசிப்பெயராக எழுதிய தமிழரின் எண்ணில் தந்தையின் எழுத்தும், தம் பெயரை எழுதியவரின் எண்ணில் தம் எழுத்தும் வாழ்நாள் முழுதும் பதிந்துவிடுகின்றன.

எச்.டி.எம்.எல். வரையறை இச்சிக்கலை அறியாததன்று. தானாக நிரப்புதலுக்குரிய பண்பினை விளக்கும் பகுதியில், பெயரைத் துண்டாக்கும் குறுகிய புலங்கள் மேலைநாட்டுச் சார்பை வெளிப்படுத்துவன என்றும், முழுப்பெயருக்கான ஒரே புலத்தைப் பயன்படுத்துவது நன்று என்றும் அது அறிவுறுத்துகிறது. ஆகவே, தமிழ்ப் பெயருக்குத் தடையாவது வரையறை அன்று; வரையறையைப் படிக்காமல் படிவம் அமைக்கும் பழக்கமே எனலாம்.

5. எழுத்தும் எண்ணிக்கையும்

பெயரோடு வரும் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதும் முறையை நடைமுறைப்படுத்துமாறு 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. இதனை வலைப் படிவத்தில் நிறைவேற்ற முற்படும்போது, எழுத்து என்பது எது என்னும் வினா எழுகிறது.

ஒருங்குறி தனியெண் தந்துள்ள ஒவ்வோர் அலகும் இங்குக் குறியலகு எனப்படுகிறது. தமிழ் உயிர்மெய்யுள் அகரமேறியது ஒரு குறியலகு. ஏனையவை அகர உயிர்மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்த இரு குறியலகுகள். மெய்யெழுத்தும் அகர உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்த இரு குறியலகுகளே. ‘பென்னலூர்’ என்பது தமிழ் மரபில் ஐந்து எழுத்து. ஒருங்குறியில் ஒன்பது குறியலகு. வலையில் பெருவழக்கான யு.டி.எஃப்.-8 முறையில் 27 பைட்டு. ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்பது ஸ்ரீயை ஒன்றாகக் கொண்டால் ஏழு எழுத்து, 16 குறியலகு, 48 பைட்டு. இவ்வூர்ப்பெயரின் ரோமன் வடிவம் 13 எழுத்து, 13 பைட்டு.

உரைப் புலத்துக்கு உச்ச நீளம் குறிக்கும் பண்பு உண்டு. வரையறைப்படி அது யு.டி.எஃப்.-16 அலகுகளை எண்ணுகிறது. இன்றைய வழக்குத் தமிழைப் பொறுத்தவரை இது குறியலகு எண்ணிக்கைக்குச் சமம். ரோமன் பெயர்களை மனத்திற்கொண்டு இருபது என வரையறுக்கப்பட்ட புலத்தில், பத்துப் பன்னிரண்டு எழுத்துகளிலேயே தமிழ்ப் பெயர் முட்டி நிற்கும். புலத்தைக் கடந்துவிட்டாலும், பைட்டுகளை எண்ணும் தரவுத்தளம் அதனை நடுவில் வெட்டக்கூடும்.

முன்னெழுத்துப் புலத்தில் சிதைவு இன்னும் தெளிவாகப் புலப்படும். குமார், கண்ணன், கோவிந்தன், காளியப்பன் ஆகிய தந்தையரின் முன்னெழுத்துகள் தமிழில் கு, க, கோ, கா என நான்கும் வேறுபட்டு நிற்கின்றன. வழக்கமான ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் மூன்று ஒரே எழுத்தாகிவிடும். தமிழ் முன்னெழுத்து கூடுதல் தகவல் தருவது என்பது இதனால் விளங்கும். ஆனால் உச்ச நீளம் ஒன்று என அமைந்த புலத்தில், வரையறைப்படி உயிர்க்குறிக்கு இடமில்லை. நால்வர்க்கும் ‘க’ மட்டுமே எஞ்சும். தமிழில் எழுதியும், ரோமனில் எழுதியதைவிடக் குறைந்த தகவலே கிடைக்கிறது. ‘ஸ்ரீ’ நான்கு குறியலகு உடையது. ஆகவே முன்னெழுத்து ஒன்றுக்கே குறைந்தது நான்கு அலகு ஒதுக்க வேண்டும்.

சரிபார்ப்பு வாய்பாட்டிலும் இத்தகைய இடர் உண்டு. பெயரில் ரோமன் எழுத்துகள் மட்டுமே வரலாம் என எழுதப்படும் வாய்பாடு தமிழை முற்றிலும் விலக்குகிறது. இதனை உணர்ந்தோர் எம்மொழி எழுத்தையும் ஏற்கும் பொருட்டு, ஒருங்குறியின் ‘எழுத்து’ என்னும் பொதுவகையை வாய்பாட்டில் இடுகின்றனர். இது தமிழுக்குப் போதாது. ஒருங்குறிப் பகுப்பில் உயிரும் அகர உயிர்மெய்யும் ‘எழுத்து’ வகை. உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்னும் வேறு வகை. எனவே ‘எழுத்து’ வகையை மட்டும் ஏற்கும் புலம் ‘கமல’ என்பதை ஏற்கும். ‘கமலா’ என்பதைப் பிழையெனத் தள்ளும். ‘பென்னலூர்’ என்பதிலுள்ள ஒன்பது குறியலகுகளுள் ஐந்து ‘எழுத்து’, நான்கு ‘குறி’. வாய்பாட்டில் இரு வகைகளையும் சேர்த்தெழுதினால் சிக்கல் தீரும்.

இதன் அடியில் ஒரு கோட்பாட்டு வேறுபாடு உள்ளது. தமிழ் இலக்கணத்தில் மெய் முதலெழுத்து. உயிரும் மெய்யும் கூடியது உயிர்மெய். ஒருங்குறியிலோ அகர உயிர்மெய் முதன்மை. அதிலிருந்து அகரத்தை நீக்கிப் பெறுவது மெய். இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டு முறையிலிருந்து ஒருங்குறிக்கு வந்த அமைப்பு இது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் ‘டேஸ்16’ முறையையும் 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்றது. ஆயினும் வலையில் நிலைபெற்றது ஒருங்குறியே. எனவே படிவத்தில் தமிழ் எழுத்தை எண்ண வேண்டுமாயின், குறியலகுகளைத் தமிழ் எழுத்துகளாகச் சேர்த்தெண்ணும் நிரல் தனியே எழுதப்பட வேண்டும்.

6. ஒரே தோற்றமும் வேறு வரிசையும்

ஊர்ப்பெயரை எவ்வகைப் புலத்தில் கேட்பது என்பது அடுத்த வினா. உரை வகையில் கேட்டால் பயனர் தாம் வழங்கும் பெயரை எழுதலாம். பட்டியலில் கேட்டால் தரப்பட்டதைத் தெரிவு செய்வார்.

உரை வகையில் எழும் முதல் சிக்கல், ஒரே ஊர்க்குப் பல பெயர் வழங்குதல். ஸ்ரீபெரும்புதூர், திருப்பெரும்புதூர் இரண்டும் வழக்கிலுள்ளன. இரண்டாவது சிக்கல் கண்ணுக்குப் புலப்படாதது. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தில் தொடங்கும் வரிசையாலும், 2005இல் ஒருங்குறி 4.1 சேர்த்த வேறொரு ஶகரத்தில் தொடங்கும் வரிசையாலும் பெறலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளும் அவற்றை ஒன்றெனக் கொள்வதில்லை. ஒரே ஊரைச் சேர்ந்த இருவரின் பதிவுகள் இரண்டு ஊர்களாகப் பிரிந்து எண்ணப்படக்கூடும். ‘கௌரி’ என ஔகாரக் குறியோடு எழுதுவதும் எகரக் குறியோடு ளகரம் சேர்த்துக் ‘கெளரி’ என எழுதுவதும் இத்தகையனவே. ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியலகாகவோ இரண்டாகவோ எழுதும் வேறுபாடு மட்டும் இயல்பாக்கத்தால் நீங்கும். ஆனால் படிவம் அதனைத் தானே செய்வதில்லை, வழங்கியில் செய்ய வேண்டும்.

ரோமன் எழுத்தில் கேட்பது தீர்வாகாது. பென்னலூரின் வழக்கமான ரோமன் வடிவிலிருந்து தமிழ் வடிவை மீட்க முயன்றால் பெண்ணலூர், பென்னாலூர், பெண்ணாளூர் எனப் பலவும் இயலும். ன–ண, ல–ள, குறில்–நெடில் வேறுபாடுகள் அனைத்தும் அவ்வடிவில் மறைந்துவிடுகின்றன. ஊர்ப்பெயராய்வில் இவ்வேறுபாடுகளே சொற்பிறப்புக்கு அடிப்படை என்பதை விளக்க வேண்டியதில்லை.

பட்டியல் வகை இச்சிக்கல்களைத் தவிர்க்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத ஊர் இல்லாத ஊராகிவிடும். வருவாய்க் கிராமப் பெயரை மட்டும் கொண்ட பட்டியலில் குடியிருப்புகளின் பெயர்களும் காலனிகளின் பெயர்களும் இடம்பெறா. பட்டியலின் வரிசையும் கருதத்தக்கது. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் னகரம் பகரத்துக்கு முன் வரும்; மெய்யெழுத்து ஔகார உயிர்மெய்க்கும் பின் செல்லும். நெடுங்கணக்கு அறிந்தவர் தம் ஊரைத் தேடும் இடத்தில் அது இராது. தமிழ் அகரவரிசை விதி அறிந்த நிரலால் பட்டியலை அடுக்க வேண்டும். உரைப் புலத்தோடு பரிந்துரைப் பட்டியலை இணைக்கும் வசதி எச்.டி.எம்.எல்.லில் உள்ளது, தெரிவுக்கும் தன்விருப்பத்துக்கும் ஒருங்கே இடந்தரும் இம்முறையே ஊர்ப்பெயர்க்கு ஏற்றது எனலாம்.

7. எண்ணும் எண்ணுருவும்

எண் வகையின் பெயர் பலரை வழிதவறச் செய்கிறது. இலக்கங்களால் ஆன எல்லாம் எண் அல்ல. பென்னலூரின் அஞ்சல் குறியீடு 602117. அதனோடு ஒன்றைக் கூட்டுவதில் பொருளில்லை. அது ஓர் அடையாளம். அளவைக் குறிப்பதே எண். அடையாளத்தைக் குறிப்பது எண்ணுரு வரிசை. ஏற்ற இறக்க அம்புக்குறிகளை அழுத்தி மதிப்பைக் கூட்டிக் குறைப்பது பொருளுடையதாயின் எண் வகையைப் பயன்படுத்தலாம் என வரையறை ஓர் எளிய சோதனையைத் தருகிறது. வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, பணியாண்டுகள் ஆகியன இச்சோதனையில் தேறும். அஞ்சல் குறியீடு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் தேறா. எண் வகைக்கு உச்ச நீளப் பண்பும் வாய்பாட்டுப் பண்பும் பொருந்தாமையால், ஆறிலக்கம் என்னும் கட்டுப்பாட்டை அதில் அவ்வழியே விதிக்கவும் இயலாது. இவற்றுக்கு உரை வகையைக் கொண்டு, எண் விசைகளைக் காட்டுமாறு உள்ளீட்டு முறைப் பண்பைச் சேர்ப்பதே முறை. தொலைபேசி வகையும் இலக்க வடிவத்தைச் சரிபார்ப்பதில்லை. நாட்டுக்கு நாடு வடிவம் வேறுபடுவதால் விசைப்பலகையை மாற்றுவதோடு அது நின்றுவிடுகிறது.

எண் வகையின் மதிப்பு 0 முதல் 9 வரையிலான எண்ணுருக்களால் மட்டுமே அமையும். இக்காலத் தமிழ் எழுத்துவழக்கும் அவற்றையே பயன்படுத்துவதால் அன்றாடப் படிவங்களில் இழப்பில்லை. சுவடி, கல்வெட்டு அட்டவணைப் படிவங்களில் நிலைமை வேறு. ௰, ௱, ௲ என்னும் பத்து, நூறு, ஆயிரக் குறிகள் இடமதிப்பு முறையில் அடங்கா. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளுக்கும் அளவைக் குறிகளுக்கும் 2019ஆம் ஆண்டு ஒருங்குறி 12.0 தனித் தொகுதியில் இடமளித்துள்ளது. ஏட்டில் உள்ளவாறு எண்ணுருவைப் பதிய ஓர் உரைப் புலமும், அதன் மதிப்பைப் பதிய ஓர் எண் புலமும் எனப் புலங்களை இரட்டித்தல் தக்கது. மூலபாடத்தையும் பதிப்பாசிரியர் பாடத்தையும் பிரித்துக்காட்டும் பதிப்பியல் நெறியோடு இது ஒத்துச் செல்கிறது.

மின்னஞ்சல் வகையிலும் இத்தகைய எல்லை உண்டு. பிறமொழி எழுத்துகளில் அஞ்சல் முகவரி அமைய வழிசெய்யும் இணைய நெறிமுறை 2012இல் வெளியானது; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் உயர்நிலைக் களப்பெயர்களும் உள்ளன. ஆயினும் எச்.டி.எம்.எல்.5 மின்னஞ்சல் வகைக்குத் தந்த வாய்பாடு, @ குறிக்கு முற்பட்ட பகுதியில் ரோமன் எழுத்து, எண்ணுரு, சில குறிகள் ஆகியவற்றையே ஏற்கிறது. தமிழ் முகவரியை ஏற்க வேண்டிய படிவம் உரை வகையையே நாட வேண்டும்.

8. விடையின்மையும் விடையாதல்

களஆய்வுப் படிவங்களைப் பொறுத்தவரை மிகுந்த கவனம் வேண்டுவது இப்பகுதி. விடை கூறாதவரின் மௌனத்தை ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாகக் கொள்கிறது.

தேர்வுப்பெட்டி குறியிடப்படாவிட்டால் அப்புலம் வழங்கிக்கு அனுப்பப்படுவதே இல்லை. ‘இச்சொல்லை உங்கள் ஊரில் வழங்குகிறீர்களா?’ என ஒரு தேர்வுப்பெட்டியால் கேட்டால், ‘இல்லை’ என்ற மறைவிடையும், வினாவைப் படிக்காமல் கடந்தவரின் மௌனமும் ஒன்றாகிவிடும். கிளைமொழி ஆய்வில் ஒரு சொல் வழக்கிறந்தது என்னும் முடிவு இம்மயக்கத்திலிருந்தே பிறக்கக்கூடும். ‘ஆம்’, ‘இல்லை’, ‘தெரியாது’ என மூன்று ரேடியோ பொத்தான்கள் அமைத்தால் நேரும் மறையும் அறியாமையும் தனித்தனியே பதியும். எதனையும் தொடாதவர் தனியே நிற்பார்.

கீழிறங்கு பட்டியல் இதற்கு நேர்மாறானது. முதலில் வெற்றுத் தெரிவு வைக்கப்படாவிட்டால், பட்டியலின் முதற்பெயரே தெரிவு செய்யப்பட்டதாகத் தொடக்கத்திலேயே கொள்ளப்படும். அகரவரிசையில் முதலில் நிற்கும் மாவட்டத்திலிருந்து மிகுதியான தகவலாளர் கிடைத்ததுபோன்ற தோற்றம் இதனால் உண்டாகலாம். வீச்சு வகை எப்போதும் ஒரு மதிப்பை உடையது. தொடக்க மதிப்புத் தரப்படாவிட்டால் நடுப்புள்ளியில் நிற்கும். அதனைத் தொடாதவர் ‘நடுத்தரம்’ என விடையளித்தவராகக் கணக்கிடப்படுவார்.

பால் பற்றிய வினாவும் ரேடியோ வகைக்குரியது. ஆனால் அதன் தெரிவுகள் இரண்டோடு முடிவதில்லை. மூன்றாம் பாலினரின் உரிமையை 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆண்மை திரிந்த பெயர்நிலைக்குத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே விதி வகுத்திருப்பதைத் தமிழாய்வாளர் அறிவர். தெரிவுகளை எழுதுபவரே வகைப்பாட்டையும் எழுதுகிறார் என்பதற்கு இது சான்று.

நாட்டுப்புறப் பாடல் தொகுப்போர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒற்றைவரி உரை வகையில் பலவரிப் பாடலை ஒட்டினால், உலாவி வரிமுறிவுகளை நீக்கிவிடும். ஓரடியின் இறுதிச்சீரும் அடுத்த அடியின் முதற்சீரும் ஒரே வரியில் தொடர்ந்துவிடும். அடியெல்லை மீட்க இயலாதபடி அழியும். பாடலுக்கும் கதைக்கும் பலவரி உரைப்பெட்டியே உரியது.

9. ஆய்வு முடிவுகள்

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பெயரை ஒரே புலத்தில், உரியவர் எழுதும் வடிவிலேயே பெறுதல் வேண்டும். முன்னெழுத்தும் அதன் விரிவும் தேவைப்படின் தனித்தனிப் புலங்களாக, கட்டாயமின்றிக் கேட்கலாம்.

2. தமிழ் உரைப் புலத்தின் உச்ச நீளத்தைத் தமிழ் எழுத்தெண்ணிக்கையால் அன்றிக் குறியலகு எண்ணிக்கையால் வரையறுக்க வேண்டும். சரிபார்ப்பு வாய்பாட்டில் ‘எழுத்து’, ‘குறி’ ஆகிய இரு வகைகளும் இடம்பெற வேண்டும்.

3. ஊர்ப்பெயர்க்குப் பரிந்துரைப் பட்டியலோடு கூடிய உரை வகை ஏற்றது. ‘ஸ்ரீ’, ஔகாரம் போன்றவற்றின் மாற்று வரிசைகளை வழங்கியில் ஒருமைப்படுத்த வேண்டும். உள்ளிட்ட வடிவை அழிக்காமல் உடன் வைத்திருக்க வேண்டும்.

4. அளவுக்கு மட்டுமே எண் வகை. அடையாள எண்ணுருக்களுக்கு உரை வகை.

5. நாள் முழுதும் அறியப்படாதவர்க்கு ஆண்டு மட்டும் தரும் புலம் மாற்றாக அமைய வேண்டும்.

6. விடையின்மை, மறை, அறியாமை மூன்றும் வேறுபட்டுப் பதியுமாறு வகையைத் தெரிவு செய்ய வேண்டும்.

10. நிறைவுரை

உள்ளீட்டு வகை என்பது வினாவின் பகுதி. எனவே வினா வழுவின் செப்பும் வழுவும். இங்குக் கூறப்பட்ட சிதைவுகளுள் பெரும்பாலானவை எச்.டி.எம்.எல். வரையறையின் குறைகளல்ல, வரையறை தரும் வகைகளுள் பொருந்தாததைத் தெரிவு செய்வதால் விளைவன. மின்னஞ்சல் வகையும், எழுத்தினை எண்ணும் முறையும் மட்டுமே வரையறையிலும் குறியீட்டிலும் வேர்கொண்டவை.

தமிழ்ப் பெயரின் அமைப்பு, முன்னெழுத்தின் நீளம், ஊர்ப்பெயரின் மாற்று வடிவங்கள், அகரவரிசை ஆகியவை குறித்துப் படிவம் அமைப்போர் எடுத்தாளத்தக்க விதித்தொகுப்பு ஒன்று தேவைப்படுகிறது. அதனைத் தொகுக்கும் தகுதி எழுத்திலக்கணமும் சொல்லிலக்கணமும் பயின்ற தமிழ்த் துறைகளுக்கே உண்டு. அத்தொகுப்பு உருவாகுமாயின், பென்னலூரில் புதிதாக வேலையில் சேரும் ஒருவர் தம் பெயரைத் தாம் எழுதும் வடிவிலேயே எழுதி, பணி நிறைவில் அதே பெயரில் தம் வைப்பு நிதியைப் பெற வழியுண்டாகும்.